ஒரே பேச்சு, இரண்டு செய்திகள்: வேட்பாளர்களின் சர்ச்சைப் பேச்சும் ஊடகச் சாய்வும்

நீங்கள் கேட்டிருப்பது இது: "2021 சட்டமன்றத் தேர்தலின்போது ஆ. இராசா பேசியதை ஒரு தொலைக்காட்சி நாள்முழுக்க ஓட்டியது. இன்னொன்று தொட்டும் தொடாமலும் கடந்துபோனது. 2019இல் கமல்ஹாசன் அரவக்குறிச்சியில் பேசியபோதும் இதையே பார்த்தேன். ஊடகங்கள் உண்மையிலேயே ஒருபக்கம் சாய்கின்றனவா, இல்லை நம் கட்சிப்பற்றுதான் நம்மை அப்படி நினைக்கவைக்கிறதா? சாய்வு இருந்தால் எங்கே முறையிடுவது?"

இரண்டும் உண்மை என்பதுதான் என் பதில். ஆனால் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால், சாய்வை அது இருக்கும் இடத்தில் சுட்டிக்காட்ட நம்மால் முடியாமல் போகிறது. தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சிகளில் நடக்காத பேச்சை நடந்ததாகக் காட்டுவது அரிது. பேச்சின் எந்த இடத்தில் கத்தரி விழுகிறது, வெட்டியெடுத்த துண்டு எத்தனை முறை திரும்பத் திரும்ப ஓடுகிறது, அதன் மேல் போடும் தலைப்பில் என்ன வினைச்சொல் வருகிறது, மறுநாள் வரும் விளக்கத்துக்கும் மன்னிப்புக்கும் எவ்வளவு இடம் கிடைக்கிறது என்பவற்றில்தான் சாய்வு குடியிருக்கிறது. இவற்றைப் பெயர்சொல்லிப் பேசாமல் 'விலைபோன ஊடகம்' என்று பொத்தாம்பொதுவாகத் திட்டிவிட்டுப் போனால், சாய்ந்தவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள். வெயிலில் நின்று கூட்டம் கூட்டமாகப் பதிவுசெய்துவரும் செய்தியாளர்கள் அடிபடுகிறார்கள்.

முதலில் இராசாவின் பேச்சையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதில் எல்லாச் சிக்கல்களும் ஒருங்கே இருக்கின்றன. 2021 மார்ச் கடைசி வாரத்தில் சென்னை ஆயிரம்விளக்குத் தொகுதியில் திமுக வேட்பாளர் மருத்துவர் எழிலனுக்காக அவர் வாக்குக் கேட்டார். மு.க. ஸ்டாலின் கட்சியில் படிப்படியாக வளர்ந்து தலைமைக்கு வந்தவர் என்பதையும், எடப்பாடி பழனிசாமி ஜெயலலிதாவின் மறைவுக்குப் பிறகு திடீரென்று முதலமைச்சர் ஆனவர் என்பதையும் ஒப்பிட வந்தவர், அதற்குப் பிறப்பை உவமையாக்கினார். ஸ்டாலின் முறையான திருமணத்தில் நிறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றும், பழனிசாமி தவறான உறவில் குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றும், அந்தக் குறைப்பிரசவக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள டெல்லியிலிருந்து மருத்துவராக மோடி வந்தார் என்றும் அந்த உவமை நீண்டது. பேச்சு பரவியது; அதிமுக புகார் கொடுத்தது; சென்னைக் காவல் துறை வழக்குப் பதிந்தது. மார்ச் 28 அன்று திருவொற்றியூர்ப் பரப்புரையில், சில மாதங்களுக்கு முன்பு, 2020 அக்டோபரில் இறந்துபோன தம் தாயைப் பற்றிப் பேசிய முதலமைச்சர் கண் கலங்கினார்.

இராசாவின் முதல் பதில், தம் பேச்சு வெட்டி ஒட்டிப் பரப்பப்படுகிறது என்பதுதான். இந்தப் பதிலை நாம் கவனமாக எடைபோட வேண்டும், ஏனென்றால் இது எல்லாக் கட்சி வேட்பாளர்களும் சொல்லும் பதில். சில நேரம் முழு உண்மை, சில நேரம் வெறும் தப்பித்தல். முழுப் பேச்சையும் கேட்டவர்களுக்கு அவர் அரசியல் பிறப்பைப் பற்றித்தான் பேசினார் என்பதும், முதலமைச்சரின் தாயார் மீது நேரடியாக அவர் பழி சொல்லவில்லை என்பதும் புரியும். ஆகவே 'முதல்வரின் தாயைக் கொச்சைப்படுத்தினார்' என்ற ஒற்றை வரியோடு துண்டுக் காணொளியை மட்டும் ஓட்டிய நிலையம் பார்வையாளரிடமிருந்து ஒன்றை மறைத்தது. ஆனால் முழுப் பேச்சும் அவரை விடுவித்துவிடவில்லை. ஒரு குழந்தையின் பிறப்பை இழிவாகப் பேசும்போது அந்த இழிவு போய் விழும் இடம் பெண்தான். உவமை என்பதற்காக அது மாறிவிடாது. என் கணிப்பில் முழுப் பேச்சு குற்றச்சாட்டைச் சிறிதாக்கியது, குற்றத்தை இல்லாமல் ஆக்கவில்லை. ஒரு நேர்மையான செய்தி இந்த இரண்டையும் சொல்லியிருக்க வேண்டும். அந்த நாள்களில் நான் பார்த்த செய்திகளில் பெரும்பாலானவை ஒன்றைத்தான் சொல்லின. எந்த ஒன்று என்பது நிலையம் யாருடையது என்பதைப் பொறுத்திருந்தது.

இங்கே இன்னொரு அளவுகோலும் உதவுகிறது: பேசியவரின் சொந்த அணி என்ன செய்தது? பரப்புரையில் கண்ணியம் காக்க வேண்டும் என்று ஸ்டாலின் தம் கட்சியினருக்கு அறிவுறுத்தினார். பெண்களைக் கீழ்மைப்படுத்தும் பேச்சை யார் பேசினாலும் கண்டிக்கத்தக்கது என்று கனிமொழி எழுதினார். மார்ச் 29 அன்று இராசாவே மன்னிப்புக் கேட்டார். ஒரு பேச்சைப் பேசியவரின் கட்சித் தலைமையே ஏற்காதபோது, அதை 'எதிரணி ஊடகம் ஊதிப் பெருக்கிய கதை' என்று தள்ளிவிட முடியாது. ஊடகச் சாய்வு என்ற குற்றச்சாட்டு எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதற்கு இது எளிதான சோதனை, கட்சி நிர்ப்பந்தங்களுக்கு நடுவிலும் பெரும்பாலும் தவறாத சோதனை.

தேர்தல் ஆணையம் ஏப்ரல் 1 அன்று இராசாவைக் கண்டித்து, நட்சத்திரப் பேச்சாளர் பட்டியலிலிருந்து அவர் பெயரை நீக்கி, 48 மணி நேரம் பரப்புரை செய்யத் தடை விதித்தது. வாக்குப்பதிவு ஏப்ரல் 6. அதே வாரத்தில் அசாமில் பாஜகவின் ஹிமந்த விஸ்வ சர்மா, எதிரணித் தலைவர் ஒருவரைத் தேசியப் புலனாய்வு முகமையைக் காட்டி மிரட்டும் வகையில் பேசியதற்காக அவருக்கும் 48 மணி நேரத் தடை விதிக்கப்பட்டது. மறுநாளே அது 24 மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. விதிமுறையை மதித்து நடப்பேன் என்று அவர் உறுதி கூறியதைக் காரணமாகக் காட்டினார்கள். மன்னிப்புக் கேட்டுவிட்ட இராசாவுக்குக் குறையாத தடை அங்கே ஏன் குறைந்தது என்று தமிழ்நாட்டில் எழுந்த கேள்வி நியாயமானது. ஊடகத்தைப் பற்றிப் பேசும்போது இதை நான் இழுத்துவரக் காரணம் உண்டு. நடுவர் ஒருபக்கம் சாய்கிறார் என்ற ஐயம் வந்துவிட்டால், அந்த நடுவரின் முடிவை அறிவிக்கும் செய்தியையும் மக்கள் ஐயத்தோடுதான் பார்க்கிறார்கள். 2019 ஏப்ரலில், வெறுப்புப் பேச்சுகள் மீது என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று உச்ச நீதிமன்றம் கேட்ட பிறகுதான் யோகி ஆதித்யநாத், மாயாவதி, ஆசம் கான், மேனகா காந்தி ஆகியோர் மீது ஆணையம் ஒரே நாளில் தடைகள் விதித்தது என்பதையும் பலர் மறக்கவில்லை.

இனி உரிமையாளர்களுக்கு வருவோம். இதுதான் தமிழ்நாட்டின் தனித்தன்மை என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1993இல் சன் தொலைக்காட்சி தொடங்கியபோது அதன் அலுவலகம் திமுக தலைமையகமான அண்ணா அறிவாலயத்தில்தான் இருந்தது. 1999இல் ஜெயா தொலைக்காட்சி வந்தது. 2006இல் பாமகவின் சார்பில் மக்கள் தொலைக்காட்சியும், 2010இல் தேமுதிகவின் சார்பில் கேப்டன் தொலைக்காட்சியும் வந்தன. 2007 மே மாதம் தினகரன் நாளிதழ் வெளியிட்ட அரசியல் வாரிசு பற்றிய கருத்துக்கணிப்பை அடுத்து மதுரையில் அந்த இதழின் அலுவலகம் தாக்கப்பட்டு மூன்று ஊழியர்கள் இறந்தார்கள். சன் தொலைக்காட்சியையும் தினகரனையும் நடத்திய மாறன் சகோதரர்களுக்கும் கருணாநிதி குடும்பத்துக்கும் உறவு முறிந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் கலைஞர் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது. ஜெயலலிதாவின் மறைவுக்குப் பிறகு அதிமுக பிளவுபட்டபோது ஜெயா தொலைக்காட்சியும் நமது எம்.ஜி.ஆர். நாளிதழும் சசிகலா தரப்பிடம் இருந்தன. ஆகவே ஆட்சியில் இருந்த தரப்பு 2018இல் நமது அம்மா நாளிதழையும் நியூஸ் ஜெ தொலைக்காட்சியையும் தொடங்கியது. ஒரு கட்சி உடையும்போது அலுவலகத்துக்கும் சின்னத்துக்கும் போல ஒரு செய்தி நிலையத்துக்கும் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியிருந்தது என்றால், இங்கே செய்தி என்பது எதன் உறுப்பாக வளர்ந்தது என்பது தெளிவாகும்.

அரசியல் கட்சிகளும் அவற்றோடு தொடர்புடைய அமைப்புகளும் ஒளிபரப்புத் துறையில் நுழையக் கூடாது என்று இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2008இலும் 2012இலும் பரிந்துரைத்தது. 2014இல் ஊடக உரிமை பற்றிய பரிந்துரைகளிலும் அதையே மீண்டும் வலியுறுத்தியது. எந்த நடுவண் அரசும் அதைச் சட்டமாக்கவில்லை. சட்டமாக்கினாலும் நிறுவனம் தலைவரின் உறவினர் பெயரிலோ நெருக்கமானவர் பெயரிலோ இருக்கும்போது நிரூபிப்பது எளிதல்ல என்பது வேறு. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: வெளிப்படையாக ஒரு கட்சியைச் சேர்ந்த நிலையம் எனக்கு அவ்வளவு அச்சம் தருவதில்லை. முரசொலியைப் படிப்பவருக்கு அது 1942இல் கருணாநிதி தொடங்கிய இதழ் என்பது தெரியும். தீக்கதிரைப் படிப்பவருக்கு அது மார்க்சிஸ்ட் கட்சியின் நாளேடு என்பது தெரியும். தெரிந்து படிப்பவர் கழிக்க வேண்டியதைக் கழித்துக்கொள்வார். நடுநிலை என்ற பெயர்ப்பலகையை மாட்டிக்கொண்டு, தேர்தல் நேரத்தில் மட்டும் விளம்பரத்துக்கோ அச்சத்துக்கோ வளைந்துகொடுக்கும் நிலையத்தில்தான் பார்வையாளர் ஏமாறுகிறார்.

பணத்துக்காக வளைவது வதந்தி அல்ல. 2009 தேர்தல்களில் வேட்பாளர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு விளம்பரத்தைச் செய்தியாக வெளியிட்டதைப் பற்றி இந்தியப் பத்திரிகை மன்றத்தின் துணைக்குழு 2010இல் விரிவான அறிக்கை எழுதியது. உத்தரப் பிரதேசத்தின் பிசௌலித் தொகுதி உறுப்பினர் உம்லேஷ் யாதவ், 2007 தேர்தலில் அப்படி வெளியிட்ட செய்திகளுக்கான செலவைக் கணக்கில் காட்டாததற்காக 2011 அக்டோபரில் தேர்தல் ஆணையத்தால் மூன்று ஆண்டுகள் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். பணம் கொடுத்தவர் தண்டனை பெற்றார். பணம் வாங்கிய பக்கம் யாரும் பதவியிழக்கவில்லை.

அச்சத்துக்காக வளைவதற்கும் நம் ஊரிலேயே காரணம் இருக்கிறது. 2018 ஜூனில் கோவையில் புதிய தலைமுறை தொலைக்காட்சி நடத்திய பொது விவாத நிகழ்ச்சியில் பங்கேற்றவர்கள் பேசியதற்காக, பேசியவர்களோடு சேர்த்து மேடை அமைத்துக்கொடுத்த தொலைக்காட்சி மீதும் வழக்குப் பதியப்பட்டது. கேபிள் விநியோகத்தில் அரசு நிறுவனமும் இருக்கும் மாநிலத்தில், பட்டியலில் தம் எண் எங்கே தள்ளப்படும் என்ற கவலையும் நிர்வாகத்துக்கு உண்டு. எந்தச் சர்ச்சைப் பேச்சை இன்று இரவு விவாதத்துக்கு எடுப்பது, எதை விடுவது என்று முடிவெடுக்கும் ஆசிரியரின் மேசைமேல் இந்தக் கவலைகளும் கிடக்கின்றன. இதை அவர்களுக்கான சாக்காகச் சொல்லவில்லை. சாய்வு எப்போதும் கொள்கையிலிருந்து பிறப்பதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

அரவக்குறிச்சிக்கு வருகிறேன். 2019 மே 12 அன்று, இடைத்தேர்தல் நடக்கவிருந்த அரவக்குறிச்சித் தொகுதியின் பள்ளப்பட்டியில் கமல்ஹாசன் பேசினார். சுதந்திர இந்தியாவின் முதல் தீவிரவாதி ஓர் இந்து, அவர் பெயர் நாதுராம் கோட்சே என்றார். முஸ்லிம்கள் நிறைய வாழும் பகுதி என்பதால் இதைச் சொல்லவில்லை, காந்தி சிலைக்கு முன்னால் நின்று சொல்கிறேன் என்ற பொருளிலும் பேசினார். தேசியக் கொடியின் மூன்று நிறங்களும் அப்படியே நிலைத்திருக்க விரும்பும் இந்தியன் தான் என்றும் சொன்னார். மறுநாள் காலை இந்தியா முழுக்கப் பரவியது அந்த முதல் வாக்கியம் மட்டும்தான். மே 14 அன்று அரவக்குறிச்சிக் காவல் நிலையத்தில் வழக்குப் பதிவானது. அடுத்தடுத்த நாள்களில் அவருடைய கூட்டங்களில் செருப்பும் முட்டையும் வீசப்பட்டன. மே 20 அன்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவருக்கு முன்பிணை வழங்கியது.

இந்தச் சர்ச்சையில் மொழி செய்த வேலை பெரியது. 'தீவிரவாதி' என்ற சொல்லை ஆங்கில ஊடகங்களில் சில கடுங்கொள்கைக்காரர் என்ற பொருளில் பெயர்த்தன. பல, குண்டுவைத்து மக்களைக் கொல்பவரைக் குறிக்கும் சொல்லால், அதாவது நாம் 'பயங்கரவாதி' என்று சொல்வதால், பெயர்த்தன. கமல்ஹாசன் பின்னர், தாம் தேர்ந்தெடுத்த சொல் தீவிரவாதி என்பதுதான் என்று வலியுறுத்தினார். பெயர்த்தவர்கள் எல்லோரும் வஞ்சம் வைத்துப் பெயர்த்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன், ஏனென்றால் நம் நாளிதழ்களே நெடுங்காலமாக நக்சலைட்டுக்கும் குண்டுவைத்தவருக்கும் 'தீவிரவாதி' என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்திவந்தன. சாதாரண வாசகரின் காதில் இரண்டும் ஒன்றாகவே கேட்கும். ஆனால் மன்னிக்க முடியாத இன்னொரு திருப்பம் நடந்தது. 'தீவிரவாதி ஓர் இந்து' என்பது ஒரு மனிதரைப் பற்றிய கூற்று. 'இந்துத் தீவிரவாதம்' என்று அதைத் திருப்பிப் போட்டால் அது ஒரு சமயத்தைப் பற்றிய கூற்றாகிவிடுகிறது. சொற்கள் அதேதான், வரிசையும் விகுதியும் மட்டும் மாறின. விவாத மேடைகளின் தலைப்புகள் இரண்டாவது வடிவத்தைத்தான் விரும்பின. அதே நேரத்தில், அங்கிருந்துதான் அது தொடங்குகிறது என்று அவர் அடுத்துச் சொன்னதும் பேச்சில் இருக்கிறது என்பதை அவருடைய ஆதரவாளர்களும் மறைக்கக் கூடாது. முழுப் பேச்சைக் கேட்கச் சொல்பவர்கள் தமக்குப் பிடிக்காத வாக்கியத்தையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

ஒரு பேச்சை ஊடகம் எப்படி நடத்தியது என்பதை அதைத் தனியாக வைத்துப் பார்த்து முடிவுசெய்ய முடியாது. இணையான இன்னொரு பேச்சைப் பக்கத்தில் வைக்க வேண்டும். நல்வாய்ப்பாக அந்த வாரமே இரண்டு இணைகளைத் தந்தது. கமல்ஹாசனின் நாக்கை அறுக்க வேண்டும் என்ற பொருளில் அப்போது அமைச்சராக இருந்த கே.டி. ராஜேந்திர பாலாஜி பேசினார். அவரைப் பதவி நீக்க வேண்டும் என்று மக்கள் நீதி மய்யம் கோரியது. அவர் அமைச்சராகவே தொடர்ந்தார். மே 16 அன்று, கமல்ஹாசனின் பேச்சைப் பற்றிய கேள்விக்கு விடை சொன்ன போபால் பாஜக வேட்பாளர் பிரக்யா தாக்கூர், கோட்சே தேசபக்தராக இருந்தார், இருக்கிறார், இருப்பார் என்றார். கட்சி விலகிக்கொண்டது, அவர் அன்றே மன்னிப்புக் கேட்டார், அவரை மனதார மன்னிக்க இயலாது என்று பிரதமர் மோடி சொன்னார், தேர்தலில் அவர் பெருவெற்றி பெற்றார். வரலாற்றில் ஒரு கொலையாளியைப் பற்றிய கசப்பான கூற்று, உயிரோடு இருக்கும் ஒருவரின் நாக்கைப் பற்றிய மிரட்டல், அந்தக் கொலையாளிக்கே ஒரு பாராட்டு என்று மூன்று பேச்சுகள். ஒரு நிலையம் இந்த மூன்றில் எதை 'சர்ச்சை' என்றது, எதை 'பதிலடி' என்றது, எதைக் கீழே ஓடும் ஒற்றை வரியோடு முடித்தது என்பதைப் பார்த்தால் அது எந்தப் பக்கம் நிற்கிறது என்பது தெரிந்துவிடும். உரிமையாளர் பெயரைத் தேடக்கூட வேண்டியதில்லை.

'பதிலடி' என்ற சொல்லை இங்கே கவனியுங்கள். தமிழ்த் தலைப்புகளின் வினைச்சொற்கள் தீர்ப்பைத் தம்முள் வைத்திருப்பவை. ஒருவர் 'சாடினார்', 'விளாசினார்', 'சரமாரியாகக் கேள்வி எழுப்பினார்' என்றால் அவர் கை ஓங்கியிருக்கிறது. அதே கருத்தை இன்னொருவர் சொன்னால் 'புலம்பினார்', 'உளறினார்', 'கொதித்தார்'. ஒருவர் 'விளக்கம் அளித்தார்' என்றால் அவர் சொல்வதில் பொருள் இருக்கிறது; 'சமாளித்தார்', 'மழுப்பினார்', 'பல்டி அடித்தார்' என்றால் இல்லை. 'பதிலடி' என்று போட்டவுடன் முதலில் அடித்தவர் எதிராளி என்பதும், இப்போது பேசுபவருக்கு அடிக்கும் உரிமை உண்டு என்பதும் செய்தியைப் படிக்கும் முன்பே வாசகரின் மனதில் பதிந்துவிடுகிறது. இந்த ஒரு சொல் எத்தனையோ தரமற்ற பேச்சுகளுக்கு மறைப்பாக இருந்திருக்கிறது. நான் தேர்தல் நாள்களில் ஒரே நிகழ்வுக்கு நான்கைந்து இதழ்கள் போட்ட தலைப்புகளை வரிசையாக எழுதிவைத்து, பெயர்களை அழித்துவிட்டு வினைச்சொற்களை மட்டும் படிப்பதுண்டு. யாருடைய இதழ் எது என்பதைப் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

இவ்வளவும் ஊடகத்தின் பக்கம். கேள்வியின் மறுபாதி, நம்முடைய கண் சாய்ந்திருக்கிறதா என்பது. இதற்கு உளவியலில் ஒரு புகழ்பெற்ற ஆய்வு உண்டு. 1982இல் பெய்ரூட்டில் சப்ரா, ஷட்டீலா அகதி முகாம்களில் நடந்த படுகொலைகளைப் பற்றிய அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்திகளை, இஸ்ரேலை ஆதரிக்கும் மாணவர்களுக்கும் அரபு மக்களை ஆதரிக்கும் மாணவர்களுக்கும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் போட்டுக்காட்டினார்கள். 1985இல் ராபர்ட் வலோன், லீ ராஸ், மார்க் லெப்பர் ஆகிய மூவரும் வெளியிட்ட முடிவு இது: ஒரே செய்தித் தொகுப்பைப் பார்த்த இரு தரப்பினரும், அது தங்களுக்கு எதிராகச் சாய்ந்திருப்பதாகவே உறுதியாகக் கூறினார்கள். தத்தம் தரப்புக்கு எதிரான குறிப்புகள் அதில் நிறைய இருந்ததாக இருவருமே எண்ணினார்கள்; எந்தப் பக்கமும் சேராத ஒருவர் இதைப் பார்த்தால் தங்களுக்கு எதிராக மாறிவிடுவார் என்றும் இருவருமே அஞ்சினார்கள். பற்று எவ்வளவு ஆழமோ அவ்வளவு உறுதியாகச் சாய்வு தென்பட்டது.

இதை நம் ஊரில் நாள்தோறும் பார்க்கிறோம். ஒரே விவாத நிகழ்ச்சியைப் பார்த்த திமுக நண்பர், நெறியாளர் பாஜக பேச்சாளருக்கு அதிக நேரம் கொடுத்தார் என்கிறார். பாஜக நண்பர், நெறியாளர் தம் கட்சிக்காரரை மூன்று முறை குறுக்கிட்டார் என்கிறார். இரண்டும் நடந்திருக்கும், ஒவ்வொருவரும் எண்ணியது வேறுவேறு. 2020இல் தமிழ்ச் செய்தி நிலையங்களின் ஆசிரியர்கள் பலர் திராவிட, இடதுசாரிச் சார்புடையவர்கள் என்று யூடியூபில் பெரிய பரப்புரை நடந்தது. அதன் பிறகு நிலையம் ஒன்றில் பொறுப்பில் இருந்தவர்கள் வெளியேற வேண்டியிருந்தது. அதே நிலையங்களைப் பற்றி மறுபக்கத்தினர், டெல்லியின் ஊதுகுழல்கள் என்று அதே ஆண்டில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இரு தரப்பும் திட்டுவதால் நாங்கள் நடுநிலை என்று சில ஆசிரியர்கள் பெருமையாகச் சொல்வதுண்டு. அந்த வாதத்தையும் நான் ஏற்கமாட்டேன். இரு தரப்பின் வசையும் பார்வையாளரின் மனநிலையைத்தான் காட்டுகிறது. செய்தியின் தரத்தை அது எந்தப் பக்கமும் நிரூபிப்பதில்லை.

ஆகவே நான் கடைப்பிடிக்கும் முறையைச் சொல்கிறேன். சர்ச்சைத் துண்டைப் பார்த்ததும், பேச்சின் முழுப் பதிவைத் தேடி, துண்டுக்கு முந்தைய ஐந்து நிமிடத்திலிருந்து கேட்பேன். இப்போது கட்சிகளே கூட்டங்களை யூடியூபில் நேரலையாக விடுவதால் இது முன்னைப்போல் கடினமல்ல. நிலையத்தின் இலச்சினையோடு வாட்ஸ்அப்பில் வரும் நியூஸ் கார்டு எதையும், அந்த நிலையத்தின் சொந்தப் பக்கத்தில் பார்க்காதவரை நம்பமாட்டேன். தேர்தல் நேரத்தில் தலைவர்கள் சொல்லாததைச் சொன்னதாக உலவுபவற்றில் கணிசமானவை இத்தகைய போலி அட்டைகள்தான், பழி மட்டும் நிலையத்தின் மேல் விழும். பிறகு, எனக்குப் பிடித்த கட்சிக்காரர் இதையே சொல்லியிருந்தால் இந்தச் செய்தியை நான் எப்படி எழுதச் சொல்லியிருப்பேன் என்று கேட்டுக்கொள்வேன். 2021இல் தாராபுரத்தில் உதயநிதி ஸ்டாலின், சுஷ்மா சுவராஜும் அருண் ஜெட்லியும் மோடியின் அழுத்தத்தைத் தாங்க முடியாமல் இறந்தார்கள் என்ற பொருளில் பேசியபோது இந்தக் கேள்வி எனக்கு மிகவும் உதவியது. மூத்தவர்களை ஓரங்கட்டி வந்தவர் என்று தம்மைக் குறைகூறிய பிரதமருக்கு அவர் விடை சொல்லிக்கொண்டிருந்தார் என்ற சூழல் உண்மை; இறந்துபோன இருவரின் மகள்களும் அந்தப் பேச்சை மறுத்து, தங்கள் பெற்றோரைத் தேர்தலுக்கு இழுக்காதீர்கள் என்று எழுதியதும் உண்மை. முதலாவதை விட்டுவிட்ட செய்தியும் குறை, இரண்டாவதை விட்டுவிட்ட செய்தியும் குறை.

கடைசியாக, எங்கே முறையிடுவது என்பது. வேட்பாளரின் பேச்சைப் பற்றியது என்றால், எதிராளியின் கொள்கை, திட்டம், கடந்தகாலச் செயல்பாடு ஆகியவற்றை விமர்சிக்கலாம், பொதுவாழ்வோடு தொடர்பில்லாத தனிவாழ்வை விமர்சிக்கக் கூடாது என்பது தேர்தல் நடத்தை விதிமுறைகளின் முதற்பகுதியிலேயே இருக்கிறது. புகாரை மாவட்டத் தேர்தல் அலுவலரிடமோ தலைமைத் தேர்தல் அதிகாரியிடமோ தரலாம். ஒரு வேட்பாளரின் தனிப்பட்ட நடத்தையைப் பற்றிப் பொய் என்று தெரிந்தே சொல்வது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆம் பிரிவின்படி ஊழல் நடவடிக்கை, ஆனால் அதற்கு முடிவு வெளியான 45 நாள்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போட வேண்டும். செய்தி வடிவில் வரும் விளம்பரம் என்று ஐயப்பட்டால், ஒவ்வொரு மாவட்டத்திலும் தேர்தல் காலத்தில் இயங்கும் ஊடகச் சான்றளிப்பு மற்றும் கண்காணிப்புக் குழுவிடம் கொடுக்கலாம். அவர்கள் வேட்பாளரின் செலவுக் கணக்கில் அதைச் சேர்க்க முடியும்.

அச்சு இதழ் என்றால் இந்தியப் பத்திரிகை மன்றம். அதனால் கண்டிக்க முடியுமே தவிரத் தண்டம் விதிக்க முடியாது. தொலைக்காட்சி என்றால் முதலில் அந்த நிலையத்துக்கே எழுதி, விடை கிடைக்காவிட்டால் செய்தி ஒளிபரப்பாளர்களின் தற்சீரமைப்பு அமைப்புக்குப் போகலாம்; அதன் உறுப்பினர்களாக உள்ள நிலையங்களை மட்டுமே அது கட்டுப்படுத்தும், தண்டமும் அதிகபட்சம் 1 லட்சம் ரூபாய்தான், அது போதாது என்று உச்ச நீதிமன்றமே 2023இல் கூறியது. எழுதும்போது 'உங்கள் நிலையம் சாய்கிறது' என்று எழுதாதீர்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த வாக்கியம் வெட்டப்பட்டது, அதற்கு முன்னும் பின்னும் இருந்த வாக்கியங்கள் எவை, தலைப்பில் என்ன சொல் போடப்பட்டது என்று எழுதுங்கள், பதிவையும் இணைத்துவிடுங்கள். அப்படி எழுதப்பட்ட புகாருக்கு மட்டும்தான் ஆசிரியர்கள் விடை எழுதி நான் பார்த்திருக்கிறேன்.